பழைய கணிப்பொறிக்கு ஒரு மறுவாழ்வு

வீட்டில் கணிப்பொறி வாங்கி ஆறேழு ஆண்டுகள் கடந்துவிட்டால் அதைப் பற்றிய முறையீடு தொடங்கிவிடுகிறது. பொத்தானை அமுக்கிவிட்டுச் சென்று, தேநீர் போட்டுக் குடித்துவிட்டுத் திரும்பி வந்தாலும் திரையில் அந்தச் சிறு வட்டம் இன்னமும் சுழன்றுகொண்டிருக்கிறது. கல்லூரியில் படிக்கும் மகன் பொறுமையிழக்கிறான். இணையவழி வகுப்பில் அமர்ந்த மகள், ஆசிரியை கேட்ட கேள்வி பாதியிலேயே நின்றுவிட்டதென்று கண் கலங்குகிறாள். கடைக்காரரிடம் எடுத்துச் சென்றால் அவர் ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்: "இது பழசாகிவிட்டது, புதிது வாங்கிக்கொள்ளுங்கள்."

அந்த ஒரு வரியின் விலை, பல குடும்பங்களில் ஒரு பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்கு நிகரானது. வளைகுடாவில் உழைக்கும் வாப்பாவின் ஒரு மாத மிச்சம் முழுவதும் அதில் கரைந்துபோகும். ஆகவே தீர்ப்பை ஏற்றுக்கொள்வதற்கு முன் வழக்கை நாமே ஒருமுறை விசாரித்துப் பார்ப்பது நல்லது. உண்மையிலேயே அந்தக் கணிப்பொறி வாழ்ந்து முடிந்துவிட்டதா? அல்லது சிறு வைத்தியத்தில் எழுந்து நடக்கக் கூடியதா?

முதுமை யாருக்கு?

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். மனித உடல் தளர்வதைப் போலக் கணிப்பொறியின் மூளையாகிய செயலி, ஆண்டுகள் செல்லச் செல்லத் தளர்வதில்லை. வாங்கிய நாளில் ஒரு வினாடியில் எத்தனை கணக்குகளைப் போட்டதோ, பத்தாண்டுகளுக்குப் பின்னும் ஏறக்குறைய அத்தனையையே போடும். மாறுவது அதன்மேல் ஏற்றப்படும் சுமைதான்.

'பாஸ்கல்' என்னும் கணிப்பொறி மொழியை உருவாக்கிய சுவிட்சர்லாந்து அறிஞர் நிக்லாஸ் விர்த், 1995ஆம் ஆண்டில் எழுதிய ஒரு கட்டுரையில் இதைச் சுட்டிக் காட்டினார். கருவிகளின் வேகம் கூடுவதைவிட விரைவாக மென்பொருள்கள் கனத்துக்கொண்டே போகின்றன என்பது அவர் கருத்து. இன்று அது 'விர்த் விதி' என்றே வழங்குகிறது. நேற்று ஓர் எளிய பக்கமாக இருந்த இணையதளம், இன்று படங்களும் காணொலிகளும் விளம்பரங்களுமாக வந்து நிற்கிறது. பத்து மூட்டை இழுத்த வண்டியில் முப்பது மூட்டைகளை ஏற்றிவிட்டு, மாடு கிழடாகிவிட்டது என்று நாம் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

இந்தச் சுமையோடு வேறு இரண்டும் சேர்ந்துகொள்கின்றன. ஒன்று, சுழன்று சுழன்று தேய்ந்துபோகும் 'ஹார்ட் டிஸ்க்' எனப்படும் வன்தட்டு. மற்றொன்று, உள்ளே படியும் தூசியும் அதனால் ஏறும் வெப்பமும். சுமை, தேய்மானம், வெப்பம் ஆகிய இம்மூன்றில் நம் வீட்டுக் கணிப்பொறியை வாட்டுவது எது என்று அறிந்துகொண்டால் வைத்தியம் எளிதாகிவிடும்.

முதல் வேலை: படங்களைக் காப்பாற்றுங்கள்

வேகத்தைக் கூட்டும் வேலையில் இறங்குவதற்கு முன் செய்ய வேண்டிய காரியம் ஒன்று உண்டு. பெருநாள் அன்று எடுத்த குடும்பப் படங்கள், மகளின் திருமணப் படங்கள், மறைந்த பாட்டனாரின் குரல் பதிவு, பிள்ளைகளின் சான்றிதழ்ப் படிகள், வீட்டுப் பத்திரங்களின் நகல்கள் ஆகியவை பல வீடுகளில் அந்த ஒரே வன்தட்டில்தான் கிடக்கின்றன. கணிப்பொறி போனால் மற்றொன்று வாங்கலாம். பாட்டனாரின் குரலை எந்தக் கடையில் வாங்குவது?

வன்தட்டு என்பது உள்ளே தகடு சுழல, அதன்மேல் மயிரிழையினும் மிகக் குறைந்த இடைவெளியில் ஒரு முள் மிதந்து சென்று படிக்கும் இயந்திரம். இயந்திரம் எதுவாயினும் ஒரு நாள் நின்றுபோகும். 'டிக் டிக்' என்று சீரான தட்டொலி கேட்பதும், கோப்புகள் திறக்கும்போது அடிக்கடி உறைந்து நிற்பதும் அந்த நாள் நெருங்குவதன் அறிகுறிகள். இத்தகைய ஒலி கேட்டால் வேறு எந்தச் சோதனையும் செய்யாமல், முக்கியமானவற்றை உடனே வேறிடத்துக்குப் படியெடுத்துவிடுங்கள். 'கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ' என்னும் இலவச மென்பொருள், வன்தட்டு தன்னைப் பற்றித் தானே எழுதி வைத்திருக்கும் உடல்நலக் குறிப்பை எடுத்துக் காட்டும். அதில் 'எச்சரிக்கை' என்றோ 'மோசம்' என்றோ வந்தால், அந்தத் தட்டை இனி நம்ப வேண்டாம்.

பாதுகாப்புக்கு எளிய விதி ஒன்று சொல்வார்கள்: மூன்று படிகள், இரண்டு வகைச் சாதனங்கள், அவற்றுள் ஒன்று வீட்டுக்கு வெளியே. கணிப்பொறியில் ஒன்று, தனியாக வாங்கிய வெளித் தட்டில் ஒன்று, இணையச் சேமிப்பகத்திலோ சகோதரர் வீட்டிலோ மற்றொன்று. இதை முடித்த பின்னரே அடுத்த வேலை.

நோய் எங்கே?

ஒரு திருமண விருந்தை எண்ணிப் பாருங்கள். பண்டாரி மிகவும் கைதேர்ந்தவர். அவர் முன்னால் பொருள்களைப் பரப்பி வைத்துக்கொள்ள ஒரு மேசை இருக்கிறது. அரிசியும் இறைச்சியும் மசாலாவும் தொலைவில் உள்ள கிடங்கில் இருக்கின்றன. மேசை பெரிதாக இருந்தால் தேவையானவற்றை ஒரே முறையில் எடுத்துப் பரப்பிவிடலாம். மேசை சிறிதானால் ஒவ்வொன்றுக்கும் கிடங்குக்கு ஆள் ஓட வேண்டும். அந்த ஆளும் மெதுவாக நடப்பவராக இருந்துவிட்டால், பண்டாரி எவ்வளவு திறமைசாலியாக இருந்தும் சோறு நேரத்துக்கு இறங்காது.

கணிப்பொறியில் பண்டாரி என்பது செயலி. மேசை என்பது 'ரேம்' எனப்படும் நினைவகம். கிடங்கு என்பது வன்தட்டு. பழைய கணிப்பொறிகளில் பெரும்பாலும் குற்றம் பண்டாரியிடம் இருப்பதில்லை. மேசையும், கிடங்குக்கு ஓடும் ஆளும்தான் காரணம்.

இதை வீட்டிலேயே கண்டறியலாம். விண்டோஸ் இயங்கும் கணிப்பொறியில் 'கண்ட்ரோல்', 'ஷிப்ட்', 'எஸ்கேப்' ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அமுக்கினால் 'டாஸ்க் மேனேஜர்' என்னும் பலகை திறக்கும். அதில் செயலி, நினைவகம், வட்டு ஆகிய ஒவ்வொன்றும் எத்தனை விழுக்காடு வேலையில் இருக்கிறது என்று எண்கள் ஓடும். வழக்கமாகச் செய்யும் வேலைகளைச் செய்தவாறே அரை மணி நேரம் கவனியுங்கள். வட்டு 100 விழுக்காட்டிலேயே ஒட்டிக்கொண்டிருந்தால் நோய் வன்தட்டில். நினைவகம் 85, 90 என்று நின்றால் மேசை போதவில்லை. எந்த மென்பொருளும் திறந்திராத நிலையில் செயலி உச்சத்தில் இருந்தால், வேண்டாத நிரலோ நச்சு நிரலோ உள்ளே ஓடிக்கொண்டிருக்கக் கூடும்.

இன்னொன்றையும் சோதித்துக்கொள்ளுங்கள். இணையத் தொடர்பைத் துண்டித்துவிட்டு, கணிப்பொறியிலேயே உள்ள ஒரு கடிதத்தையோ படத்தையோ திறந்து பாருங்கள். அது விரைவாகத் திறந்தால் மந்தம் கணிப்பொறியில் இல்லை, இணைய இணைப்பில் இருக்கிறது. அருகலைப் பெட்டியைச் சமையலறையின் மூலையில் வைத்துவிட்டு, மாடி அறையில் உள்ள கணிப்பொறியைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

காசு செலவில்லாத வைத்தியம்

மேற்சொன்ன பலகையிலேயே 'ஸ்டார்ட்அப்' என்றொரு பகுதி உண்டு. கணிப்பொறி விழித்தெழும்போதே தாமும் எழுந்து உட்காரும் நிரல்களின் பட்டியல் அது. எப்போதோ ஒருமுறை நிறுவிய அச்சுப்பொறி உதவியாளர், இசை நிரல், உரையாடல் நிரல், விளையாட்டு நிரல் என்று அழையா விருந்தினர் பலர் அங்கே இருப்பார்கள். வைரஸ் தடுப்பு, ஒலி, தொடுபலகை ஆகியவற்றுக்கானவற்றை விட்டுவிட்டு, தெரிந்தே தேவையில்லாதவற்றை நிறுத்திவிடுங்கள். நிறுத்துவதால் அந்த நிரல் அழிந்துவிடாது. நாம் அழைக்கும்போது வரும். அவ்வளவே.

இரண்டாவதாக, வட்டில் காலியிடம். வட்டு விளிம்புவரை நிரம்பிவிட்டால் இயக்க அமைப்பு தற்காலிகக் கோப்புகளை எழுத இடமின்றித் திணறும். ஐந்தில் ஒரு பங்கேனும் காலியாக இருக்கட்டும். 'டவுன்லோட்ஸ்' உறையில் மூன்று ஆண்டுகளாகக் கிடக்கும் காணொலிகளையும், குப்பைத் தொட்டியில் நீக்கியும் நீங்காமல் இருப்பவற்றையும் அகற்றுங்கள். விண்டோஸிலேயே உள்ள 'டிஸ்க் கிளீனப்' இந்த வேலைக்குப் போதுமானது.

மூன்றாவதாக, இணைய உலாவி. திறந்து வைக்கும் ஒவ்வொரு பக்கமும் நினைவக மேசையில் ஓரிடத்தைப் பிடித்துக்கொள்கிறது. 4 ஜி.பி. நினைவகம் உள்ள கணிப்பொறியில் இருபது பக்கங்களைத் திறந்து வைத்தால் அது திணறாமல் என்ன செய்யும்? உலாவியோடு ஒட்டிக்கொண்டிருக்கும் தேவையற்ற நீட்சிகளையும் நீக்கிவிடுங்கள்.

நான்காவதாக, வைரஸ் தடுப்பு நிரல் ஒன்றே ஒன்று இருக்கட்டும். பாதுகாப்புக் கூடும் என்று எண்ணி இரண்டை நிறுவுகிறவர்கள் உண்டு. ஒவ்வொரு கோப்பையும் இரண்டு காவலர்கள் மாறி மாறிச் சோதித்தால் வாசலில் கூட்டம்தான் சேரும். விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் உடன்வரும் 'டிஃபெண்டர்' வீட்டு உபயோகத்துக்குப் போதும்.

ஐந்தாவது, பலர் அறியாத ஒன்று. விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் 'ஷட் டவுன்' செய்வது பல கணிப்பொறிகளில் முழு ஓய்வாக அமைவதில்லை. மறுநாள் விரைவாக எழ வேண்டும் என்பதற்காக, இயக்க அமைப்பின் ஒரு பகுதி வட்டில் அப்படியே பதித்து வைக்கப்படுகிறது. 'ரீஸ்டார்ட்' கொடுத்தால்தான் அனைத்தும் புதிதாகத் தொடங்கும். வாரம் ஒருமுறை அவ்வாறு செய்வது நல்லது.

மேசைக் கணிப்பொறி வைத்திருப்போருக்கு ஆறாவது ஒன்றும் உண்டு. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் தேதி தவறிப்போய்ப் பழைய ஆண்டைக் காட்டுகிறதா? அப்படியானால் தாய்ப்பலகையில் உள்ள நாணய வடிவ மின்கலம் தீர்ந்துவிட்டது என்று பொருள். தேதி தவறினால், பாதுகாப்புச் சான்றிதழ் பொருந்தவில்லை என்று கூறி இணையதளங்கள் திறக்க மறுக்கும். வங்கிப் பக்கம் திறக்கவில்லை என்பதால் கணிப்பொறியையே மாற்ற நினைப்போர் முதலில் இந்தச் சிறு மின்கலத்தை மாற்றிப் பார்க்கட்டும்.

தூசியும் வெப்பமும்

செயலி ஒரு வரம்புக்கு மேல் சூடேறினால், எரிந்துபோகாமல் தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். விசிறியின் இறகுகளிலும் வெப்பம் வெளியேறும் தகடுகளின் இடுக்குகளிலும் தூசி பஞ்சுபோல் அடைத்துக்கொண்டால் இது ஓயாமல் நிகழும். திறந்தவுடன் நன்றாக ஓடி, கால் மணி நேரத்தில் மந்தமாகி, விசிறி இரைந்துகொண்டே இருக்கிறதென்றால் வெப்பமே காரணமாக இருக்க வாய்ப்புண்டு.

மேசைக் கணிப்பொறியாயின் மின் இணைப்பை முற்றிலும் பிடுங்கிவிட்டு, பக்க மூடியைக் கழற்றி, காற்றூதியால் தூசியை ஊதலாம். ஊதும்போது விசிறி கண்டபடி சுழலாமல் ஒரு விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். உள்ளே கை வைப்பதற்கு முன் பெட்டியின் வெற்று உலோகப் பகுதியைத் தொட்டால் உடலில் உள்ள நிலைமின்சாரம் வெளியேறிவிடும். ஈரத் துணி ஆகாது. மின்சாரம் வழங்கும் உட்பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். இணைப்பைப் பிடுங்கிய பின்னும் அதனுள் ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கும்.

மடிக்கணினியாயின் அனுபவமுள்ள தொழில்நுட்பரிடம் கொடுத்துச் சுத்தம் செய்து, செயலியின் மேலுள்ள வெப்பப் பசை உலர்ந்திருந்தால் புதிதாக இடச் சொல்லுங்கள். மடிக்கணினியை மெத்தையிலும் தலையணையிலும் வைத்து இயக்கும் பழக்கத்தைப் பிள்ளைகள் விட வேண்டும். அடிப்புறத்துக் காற்று வழி அடைபட்டுவிடும்.

சிறு செலவில் பெரிய மாற்றம்

இவ்வளவு செய்தும் வட்டு 100 விழுக்காட்டிலேயே நிற்கிறதா? அப்படியானால் செலவு செய்யத் தகுந்த இடம் அதுதான்.

உலகின் முதல் வன்தட்டை ஐ.பி.எம். நிறுவனம் 1956ஆம் ஆண்டில் வெளியிட்டது. இரண்டு அடி விட்டமுள்ள 50 தகடுகள் கொண்ட அந்தப் பெரும் பெட்டியில் அடங்கியது சுமார் 50 லட்சம் எழுத்துகளே. இன்றைய வன்தட்டு உள்ளங்கையில் அடங்கினாலும் அடிப்படை முறை அதுவே. தகடு சுழல வேண்டும், முள் நகர வேண்டும். மடிக்கணினிகளில் உள்ள தட்டு பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 முறை சுழல்கிறது. அதாவது ஒரு சுற்றுக்கு 11 மில்லி வினாடிகள். முள் உரிய இடத்துக்கு நகரும் நேரத்தையும் கூட்டினால், இங்குமங்குமாகச் சிதறிக் கிடக்கும் சிறு கோப்புகளை வினாடிக்கு 50 முதல் 100 முறை வரைதான் அது எடுத்துத் தர இயலும். இயக்க அமைப்பு எழும்போது படிக்க வேண்டியவையோ ஆயிரக்கணக்கில். நாம் தேநீர் குடித்து முடிக்கும்வரை வட்டம் சுழல்வதன் இரகசியம் இதுதான்.

இதற்கு மாற்றாக வந்தது எஸ்.எஸ்.டி. எனப்படும் திண்மநிலை வட்டு. தோஷிபா நிறுவனத்தில் பணியாற்றிய ஜப்பானியப் பொறியாளர் ஃபுஜியோ மசுவோக்கா 1980களில் கண்டறிந்த 'ஃபிளாஷ்' நினைவகமே இதன் அடிப்படை. சுழலும் தகடும் இல்லை, நகரும் முள்ளும் இல்லை. ஆகவே சிறு கோப்புகளை வினாடிக்கு ஆயிரக்கணக்கான முறை எடுத்துத் தருகிறது. நிமிடக் கணக்கில் எழுந்த கணிப்பொறி, இதை மாற்றிய பின் அரை நிமிடத்துக்குள் எழுந்துவிடுவது பலர் கண்ட அனுபவம். சாட்டா வகை இணைப்புள்ள பழைய மடிக்கணினிகளில், வன்தட்டு இருந்த அதே இடத்தில் 2.5 அங்குல எஸ்.எஸ்.டி. சரியாக அமர்ந்துகொள்ளும். கடிதம், பாடம், கணக்கு என்ற அளவில் பயன்படுத்தும் வீட்டுக்கு 240 அல்லது 256 ஜி.பி. அளவு போதும்.

அடுத்தது மேசையைப் பெரிதாக்குவது. 4 ஜி.பி. நினைவகத்தை 8 ஆக்கினால் இணைய வகுப்பும் எழுத்துப் பணியும் ஒருங்கே ஓடும். ஆனால் வாங்குமுன் மூன்றைக் கேட்டறியுங்கள். கணிப்பொறி ஏற்பது டி.டி.ஆர்.3 வகையா, டி.டி.ஆர்.4 வகையா? ஒன்று மற்றொன்றின் துளையில் பொருந்தாது. தாய்ப்பலகை எவ்வளவு நினைவகத்தைத் தாங்கும்? சில மடிக்கணினிகளில் நினைவகம் பற்ற வைக்கப்பட்டிருக்கும். அதை மாற்ற இயலாது. மூன்றாவதாக, நிறுவப்பட்டுள்ள இயக்க அமைப்பு 32 பிட்டா, 64 பிட்டா? வீட்டு உபயோகத்துக்கான 32 பிட் விண்டோஸ் 4 ஜி.பி.க்கு மேல் கண்டுகொள்ளாது. அதில் கூடுதல் நினைவகம் பூட்டுவது பயனற்ற செலவு.

விலை மாதந்தோறும் மாறுவது. 2025ஆம் ஆண்டின் பிற்பகுதியில் நினைவகச் சில்லுகளின் விலை உலகெங்கும் ஏறியது. ஆகவே சென்னை ரிச்சி தெருவாயினும் உங்கள் ஊர்க் கடையாயினும், இரண்டு மூன்று இடங்களில் விசாரித்துக்கொள்ளுங்கள். இரண்டில் ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறதென்றால், பெரும்பாலான வீடுகளில் எஸ்.எஸ்.டி.க்கே முதலிடம் தரலாம்.

கடையில் கொடுக்கும்போது

இங்கே குடும்பப் பெண்களின் கண்ணியம் சம்பந்தப்பட்ட ஒரு செய்தியை அழுத்திச் சொல்ல வேண்டியுள்ளது. வீட்டுக்குள் எடுத்த படங்களும் தனிப்பட்ட கடிதங்களும் வங்கிக் கடவுச்சொற்களும் நிறைந்த கணிப்பொறியை, முன்பின் அறியாதவர் கையில் அப்படியே ஒப்படைப்பது முறையல்ல. படங்களை வெளித் தட்டுக்கு மாற்றிக் கணிப்பொறியிலிருந்து நீக்கிவிடுங்கள். நீக்கியதையும் மீட்டெடுக்க முடியும் என்பதால், எஸ்.எஸ்.டி. மாற்றுவதாயின் பழைய வன்தட்டைக் கழற்றி வீட்டிலேயே வைத்துக்கொண்டு கணிப்பொறியை மட்டும் கொடுப்பது இன்னும் சிறப்பு. புதிய வட்டில் இயக்க அமைப்பைப் புதிதாக நிறுவச் சொல்லுங்கள். கடையில் உங்கள் கண்முன்னே வேலை நடந்தால் மிக நன்று.

கழற்றிய வன்தட்டை 'பழசுதானே' என்று கடையிலேயே விட்டுவராதீர்கள். அது நல்ல நிலையில் இருந்தால் யு.எஸ்.பி. உறை ஒன்றில் இட்டுக் கூடுதல் சேமிப்பாகப் பயன்படுத்தலாம். எஸ்.எஸ்.டி. முன்னறிவிப்பின்றி ஒரு நாள் நின்றுவிடக் கூடியது என்பதால் இந்தத் துணைப் படி அவசியமும்கூட. இன்னொன்று: வாங்கியபோதே விண்டோஸ் 10 உரிமத்தோடு வந்த கணிப்பொறியாயின், அந்த உரிமம் பெரும்பாலும் தாய்ப்பலகையோடு இணைந்திருக்கும். வட்டை மாற்றுவதால் அது போய்விடாது. உரிமமற்ற திருட்டுப் படியை நிறுவித் தருவதாக யாரேனும் சொன்னால் மறுத்துவிடுங்கள். நச்சு நிரல்கள் நுழையும் வாசல்களில் அதுவும் ஒன்று.

எந்த இயக்க அமைப்பு?

வேகம் மட்டும் போதாது, பாதுகாப்பும் வேண்டும். விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020ஆம் ஆண்டு சனவரியில் முடிந்தது. 2015ஆம் ஆண்டில் வெளிவந்த விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிந்துவிட்டது. பதிவு செய்துகொள்ளும் வீட்டுக் கணிப்பொறிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் தரப்படும் என மைக்ரோசாப்ட் 2025இல் அறிவித்தது. ஆதரவு முடிந்த பின்னும் கணிப்பொறி ஓடும். ஆனால் புதிதாகக் கண்டறியப்படும் ஓட்டைகள் அடைக்கப்படுவதில்லை. அதில் வங்கிக் கணக்கைத் திறப்பது, தாழ்ப்பாள் இல்லாத வீட்டில் நகையை வைப்பதற்கு ஒப்பாகும்.

விண்டோஸ் 11க்கு மாறலாமே என்றால், அது டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லையும் குறிப்பிட்ட தலைமுறைச் செயலிகளையும் கேட்கிறது. 2018ஆம் ஆண்டுக்கு முன் வந்த பெரும்பாலான கணிப்பொறிகள் அத்தகுதியைப் பெறுவதில்லை. 'பிசி ஹெல்த் செக்' என்னும் இலவச நிரல், உங்கள் கணிப்பொறிக்குத் தகுதி உண்டா இல்லையா என்று சொல்லிவிடும்.

தகுதி இல்லாதவர்களுக்கும் வழி அடைந்துவிடவில்லை. பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991ஆம் ஆண்டில் தொடங்கிய லினக்ஸ், இன்று விலையின்றிக் கிடைக்கும் முழுமையான இயக்க அமைப்பாக வளர்ந்துள்ளது. 'லினக்ஸ் மின்ட்' விண்டோஸ் பழகியவர்களுக்கு எளிதில் கைவரும். அதன் 'எக்ஸ்.எஃப்.சி.இ.' பதிப்பு, வலிமை குறைந்த கணிப்பொறிகளுக்கு ஏற்றது. இந்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸும் உண்டு. தமிழில் தட்டச்சு செய்யவும், பாடம் எழுதவும், இணைய வகுப்பில் அமரவும் இவற்றில் தடையில்லை. வட்டில் எதையும் மாற்றாமல், ஒரு பென் டிரைவிலிருந்தே இயக்கிச் சோதித்துப் பார்க்கலாம் என்பது இதன் தனி வசதி. அச்சுப்பொறியும் ஒலியும் இணையமும் சரியாக வேலை செய்கின்றனவா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். விண்டோஸுக்கென்றே எழுதப்பட்ட கணக்கு மென்பொருள்களும் சில கல்லூரி மென்பொருள்களும் இதில் நேரடியாக ஓடா என்பதையும் அறிந்துகொள்ளுங்கள்.

தமிழ்நாட்டில் 2011ஆம் ஆண்டில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் மாணவ மாணவியர் பெற்ற மடிக்கணினிகள், இன்றும் எத்தனையோ வீடுகளின் அலமாரிகளில் உறங்குகின்றன. அக்கா படித்து முடித்த அந்த மடிக்கணினி, தம்பிக்கோ தங்கைக்கோ மீண்டும் உதவக் கூடும். ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

ஏமாற்றுவோர் ஜாக்கிரதை

"உங்கள் கணிப்பொறியில் 1,200 பிழைகள்! உடனே சரிசெய்க!" என்று திரையில் மின்னும் விளம்பரங்களை நம்பாதீர்கள். பிழைகளைக் காட்டிப் பயமுறுத்திப் பணம் பறிப்பதே அவற்றின் தொழில். 'ரெஜிஸ்ட்ரி கிளீனர்' என்னும் நிரல்களால் வேகம் குறிப்பிடத்தக்க அளவு கூடுவதில்லை. தவறான ஒன்றை நீக்கிவிட்டால் கணிப்பொறியே எழாமல் போகலாம். பெரிய நிறுவனத்திலிருந்து பேசுவதாகத் தொலைபேசியில் அழைத்து, "உங்கள் கணிப்பொறியில் வைரஸ் இருக்கிறது, நாங்கள் சொல்லும் நிரலை நிறுவுங்கள்" என்பவர்கள் மோசடிக்காரர்கள். வீட்டில் தனித்திருக்கும் முதியவர்களிடம் இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

'டிஃப்ராக்' எனப்படும் ஒழுங்கமைப்பு, சுழலும் வன்தட்டுக்கு உரியது. எஸ்.எஸ்.டி.யில் அதைத் தனியாக ஓட்ட வேண்டியதில்லை. விண்டோஸ் தேவையானதைத் தானே செய்துகொள்ளும்.

எப்போது விடை கொடுப்பது?

எல்லாவற்றையும் காப்பாற்ற இயலாது. 64 பிட் ஏற்காத செயலி, 2 ஜி.பி.க்கு மேல் ஏறாத நினைவகம், அடிக்கடி அணைந்துபோகும் தாய்ப்பலகை ஆகியவை இருந்தால் செலவு செய்வதில் பொருளில்லை. பழுதுபார்க்கும் செலவு, அதே தரத்தில் பயன்படுத்திய கணிப்பொறியின் விலையில் பாதியைத் தாண்டினாலும் யோசிக்க வேண்டும். மடிக்கணினியின் மின்கலம் உப்பியிருந்தால் உடனே அணைத்துவிடுங்கள். அது தீப்பிடிக்கக் கூடியது. குத்தவோ அமுக்கவோ கூடாது.

விடை கொடுக்கும்போதும் குப்பையில் எறியக் கூடாது. 2022ஆம் ஆண்டில் உலகெங்கும் 6 கோடியே 20 லட்சம் டன் மின்னணுக் கழிவு சேர்ந்ததென்றும், முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது அதில் நான்கில் ஒரு பங்குகூட இல்லையென்றும் ஐக்கிய நாடுகள் அமைப்புகளின் அறிக்கை கூறுகிறது. ஈயமும் வேறு நச்சுப் பொருள்களும் மண்ணிலும் நீரிலும் கலக்கின்றன. நம் நாட்டில் 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள மின்கழிவு விதிகளின்படி, பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடமே இவை சென்று சேர வேண்டும். கொடுக்குமுன் வன்தட்டைக் கழற்றிவிடவோ, முழுவதும் அழித்தெழுதவோ மறக்காதீர்கள்.

வேலையின் வரிசை

சகோதர சகோதரிகளே! சுருக்கமாக இந்த வரிசையை நினைவில் வையுங்கள். முதலில் படங்களையும் ஆவணங்களையும் வேறிடத்தில் படியெடுங்கள். அடுத்து நோய் எங்கே என்று பலகையில் பாருங்கள். பிறகு காசில்லாத வைத்தியங்களைச் செய்யுங்கள். தூசியை அகற்றுங்கள். அதன் பின்னும் மந்தம் தீராவிட்டால் எஸ்.எஸ்.டி., தேவையானால் நினைவகம். இறுதியாகப் பாதுகாப்பான இயக்க அமைப்பு. ஒவ்வொரு படியிலும் நிறுத்தி, "இது நமக்குப் போதுமா?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். போதுமானால் அங்கேயே நின்றுவிடலாம்.

இந்த வேலையில் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மூடியைக் கழற்றி, இது செயலி, இது நினைவகம், இது வட்டு என்று ஒருமுறை கண்ணால் கண்ட பிள்ளைக்குப் பாடநூலின் பத்துப் பக்கங்கள் தாமே விளங்கிவிடும். ஒரு பொருள் மக்கர் செய்தால் உடனே புதியதைக் கேட்பதா, அல்லது காரணத்தைத் தேடுவதா என்னும் பழக்கமும் அங்கேதான் படிகிறது. மிச்சமாகும் பணத்தை எதற்குச் செலவிடுவது என்று அவர்களையே கேட்டுப் பாருங்கள். நல்ல யோசனைகள் அவர்களிடம் நிறைய இருக்கும்.